அண்ணனின் தோளும் தகட்டு ஓடுதளமும்

சாலைக் குத்தகைக்காரரின் முகாமை விட்டு நாங்கள் இருவரும் கிளம்பி வெகுநேரம் ஆகியிருந்தது. மழை விடவில்லை. சோம்ரா என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஏற்றம் வந்த இடங்களில் அவனை முதுகில் தூக்கிக்கொண்டேன். அவன் ராஞ்சிப் பக்கத்துக்காரன், என்னோடு கல் உடைத்தவன். காய்ச்சல் முற்றிக் கண் மஞ்சளாகி, பேச்சும் குழற ஆரம்பித்திருந்தது. முகாமுக்கு மேலேயும் கீழேயும் சாலை சரிந்து போயிருந்தது. சாலை திறக்கட்டும், பார்க்கலாம் என்றார் மேஸ்திரி. அதுவரை சோம்ரா தாங்கமாட்டான் என்று பார்த்தாலே தெரிந்தது. அருணாசலப் பிரதேச மலைகளில் அந்தப் பள்ளத்தாக்கில் ஆஸ்பத்திரி கிடையாது. ஆனால் ஆற்றங்கரையில் விமானம் இறங்கும் இடம் ஒன்று இருந்தது. அங்கே வந்துபோகும் விமானத்தில்தான் அண்ணன் வேலை பார்த்தார்.

அண்ணன், பெருமாள் திருவடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் நானும் எழுத வேண்டும் என்று அண்ணி கேட்டார். "பெரிய வார்த்தையெல்லாம் வேணாம் தம்பி. நீ கண்ணால பாத்தத எழுது, போதும்" என்றார். நான் கண்ணால் பார்த்ததில் பெரியது அந்த மழை நாள்தான். அதனால் அங்கிருந்து தொடங்கிவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் எழுதுவது. குறை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது சின்ன காஞ்சிபுரத்தில், கோயில் மதிலுக்குப் பின்னால் உள்ள சந்தில். எங்கள் அப்பா பெருமாளைத் தோளில் சுமக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர். அம்மா தறிக்காரர்களுக்கு ஊடை நூலைத் தார் சுற்றிக் கொடுத்தார். வீட்டில் எல்லோருக்கும் போதுமான சோறு என்பது திருவிழா நாட்களில் மட்டும்தான். அண்ணன் அதைப் பெரிதாகச் சொன்னதில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

அண்ணனுக்கு மீசை அரும்பும் வயதிலேயே தோள் உயரம் சரியாக வந்துவிட்டதால் அப்பா அவரையும் கூட்டத்தில் சேர்த்தார். பல்லக்கு சுமப்பதற்கு ஒரு முறை உண்டு. உயரம் ஒத்தவர்களை எதிரெதிரே நிறுத்துவார்கள். குட்டையானவர் தோளில் துணியை மடித்து வைத்து உயரத்தைச் சரிக்கட்டுவார்கள். வழியில் ஒருவர் களைத்துப்போனால் மாற்று ஆள் வருவார். அவர் தன் தோளைத் தண்டுக்கு அடியில் கொடுத்து, பாரத்தை வாங்கிக்கொண்டு, "வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் முதல் ஆள் தோளை எடுக்கலாம். ஆள் பக்கத்தில் நிற்கிறாரே என்று எடுக்கக்கூடாது.

பொங்கலை ஒட்டிப் பெருமாள் கிராமங்களுக்குப் போகும் புறப்பாட்டில், ஐயம்பேட்டைக்கு முன்னால், அண்ணன் அந்தத் தப்பைச் செய்தார். மாற்று ஆள் கையை நீட்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் தோளை எடுத்துவிட்டார். தண்டு ஒரு பக்கம் தாழ்ந்தது. பெருமாள் கழுத்து மாலை ஊஞ்சல் மாதிரி ஆடியது. ஊரே 'ஐயோ' என்றது. அப்பா அங்கேயே, நடுச்சாலையில், அண்ணன் கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

"காதுல வுழுந்துச்சா, வந்தாச்சுன்னு?"

"இல்லப்பா."

"அப்பறம் எவன நம்பிடா எடுத்த?"

அதற்குப் பிறகு அண்ணன் அந்தத் தப்பைச் செய்யவே இல்லை. பல்லக்கில் மட்டும் அல்ல.

அப்பா போன பிறகு குடும்பம் அண்ணன் மேல் விழுந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன், தாம்பரத்தில் விமானப்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார், தேறினார். சில வருடங்கள் கழித்து அவரை ஏ.என்.32 என்னும் சரக்கு விமானத்தில் போட்டார்கள். உறவினர்களில் பலர், அண்ணன் சண்டை விமானம் ஓட்டினார் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர் ஓட்டவில்லை. சண்டை விமானமும் இல்லை. எந்த மூட்டையை எங்கே வைப்பது, எப்படிக் கட்டுவது, எத்தனை பேரை ஏற்றுவது என்பதைப் பார்ப்பது அவர் வேலை.

அந்த விமானம் அழகாக இருக்காது. வயிறு பெருத்து, தரையை ஒட்டி நிற்கும். இரண்டு எஞ்சின்களும் இறக்கைக்கு மேலே திமில் மாதிரி தூக்கிக்கொண்டிருக்கும். மலை உச்சியின் காற்று மெலிந்த இடத்திலும் வெயில் கொளுத்தும் இடத்திலும் அதற்கு மூச்சு வாங்காது. புல் தரை, மண் தரை, கூழாங்கல் தரை எதிலும் இறங்கும். கொஞ்சம் ஓடியே எழும்பிவிடும். பின்பக்கம் சரிவாக ஒரு பலகை இறங்கும். அதன் வழியாக அரிசி, உப்பு, மண்ணெண்ணெய், ஆடு, கோழி, நோயாளி, பிணம் எல்லாம் ஏறி இறங்கும். சாலை இல்லாத ஊர்களுக்கு அதுதான் சாலை.

சேர்ந்த புதிதில் அண்ணன் செய்ததை அவரே சொல்லிச் சிரிப்பார். முதன்முதலில் அவரைத் தனியாகச் சரக்கு ஏற்றச் சொன்னபோது, அரிசி மூட்டைகளை இடது பக்கமும் வலது பக்கமும் ஒரு இம்மி பிசகாமல் சமமாக அடுக்கினாராம். ஆனால் அத்தனையும் வால் பக்கம். அதிகாரி பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். விமானம் சாய்வது பக்கவாட்டில் அல்ல, முன்னும் பின்னும்தான் என்று சொல்லி, எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்ற வைத்தார். "எங்க ஊர்ல பெருமாள் சைடு வாங்குனாத்தான் ஜனங்க திட்டுவாங்க சார்" என்றாராம் அண்ணன். அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணன் அசாமில் இருந்தார். நான் அப்போது ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். லாரி கிளீனர், செங்கல் சூளை, ரயில்வே கேண்டீன் என்று எதிலும் நிலைக்கவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் பிடித்துக் கொடுத்த வேலையும் ஒத்துவரவில்லை. மலையில் சாலை போடுகிறார்கள் என்று கேட்டு அங்கே போனேன். "போற எடத்துக்கு மேலதான் நாங்க பறந்துக்கினு இருக்கோம். முடியலன்னா கீழ வந்து நில்லு" என்று மட்டும் அண்ணன் சொன்னார்.

அதனால்தான் சோம்ராவை முதுகில் தூக்கிக்கொண்டு அந்த ஓடுதளத்துக்கு வந்து நின்றேன்.

அது ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே ஒரு நீண்ட புல்வெளி. மண் இளகிவிடாமல் இருக்கத் துளை போட்ட இரும்புத் தகடுகளைக் கொக்கி மாட்டி விரித்திருந்தார்கள். ஒரு முனையில் மலைச் சுவர். ஆகவே இறங்குவது ஆற்றுப் பக்கமிருந்து, கிளம்புவதும் ஆற்றைப் பார்த்துத்தான். தவறினால் திரும்பி வர இடம் கிடையாது. அந்த இடத்தைப் பார்த்துக்கொண்ட ஹவில்தார், மேகம் விலகாததால் கொஞ்ச நாளாக விமானமே வரவில்லை என்றார். அங்கே இன்னும் சிலர் காத்திருந்தார்கள்: பிரசவம் சிக்கலாகிப்போன ஒரு பெண்ணும் அவள் தாயும், கால் முறிந்த ஒரு பள்ளி ஆசிரியர், விடுமுறைக்குப் போகும் இரண்டு சிப்பாய்கள். நாங்கள் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். சோம்ராவின் கழுத்து நிற்கவில்லை. வாந்தி வரும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பினால்தான் மூச்சு விட்டான். அப்படித் தாங்கிய கையை நான் எடுக்கவே இல்லை.

மறுநாள் பகலில் மேகம் சற்றுக் கிழிந்தது. முதலில் சத்தம் வந்தது. அப்புறம் ஆற்று வளைவில் விமானம் தாழ்ந்து வந்து, தகடுகள் தடதடக்க, தண்ணீரை இரு பக்கமும் வாரியடித்துக்கொண்டு நின்றது. பின்பலகை இறங்கியது. முதலில் இறங்கியவர் அண்ணன்.

என்னைப் பார்த்தார். ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"இன்னாடா, இந்த வேலையும் பாதியிலயா?"

"பாதி இல்லண்ணா. கால்வாசி."

"இது யாரு?"

"கூட வேல செஞ்சவன். செத்துடுவான் போலக்குதுண்ணா."

அண்ணன் சோம்ராவின் கண் இமையை விலக்கிப் பார்த்தார். மூட்டைகள் இறங்கின. எஞ்சின்களை நிறுத்தவில்லை. மேகம் மறுபடி பள்ளத்தாக்கின் மேல்முனையை மூட ஆரம்பித்திருந்தது. கர்ப்பிணிப் பெண்ணை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். அடுத்து ஆசிரியர். அண்ணன் சோம்ராவை நடுப்பகுதியில், தான் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் படுக்க வைத்துப் பட்டையால் கட்டச் சொன்னார். நான் அவன் தலையைப் பிடித்தபடியே ஏறி உட்கார்ந்தேன். சிப்பாய்கள் தங்கள் இரும்புப் பெட்டிகளோடு ஏறினார்கள்.

கேப்டன் கீழே இறங்கி ஓடுதளத்தில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தார். முழங்கால் வரை சேறு. இறங்கும்போதே சக்கரம் அழுந்தியது, தகடுகளுக்கு அடியில் மண் கூழாகிவிட்டது, இந்தப் பாரத்தோடு எழும்பாது என்று இந்தியில் சொன்னார். அண்ணன் உடனே உபரிக் கயிறு, வலை, தார்ப்பாய், சிப்பாய்களின் பெட்டிகள் எல்லாவற்றையும் கீழே தள்ளினார். போதாது என்றார் கேப்டன். இரண்டு சிப்பாய்களும் சொல்லாமலே எழுந்து இறங்கிவிட்டார்கள். கேப்டன் வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒருவர் என்றார்.

உள்ளே மிச்சம் இருந்தவர்களைப் பார்த்தேன். கர்ப்பிணிப் பெண். அவள் கையை விடாத தாய். கால் முறிந்த ஆசிரியர். சோம்ரா. நான்.

அண்ணன் என் எதிரே வந்து நின்றார்.

"நீ எறங்கு."

"நானா?"

"பின்ன யாரு? அந்தம்மா பொண்ண வுட்டு எறங்காது. மிச்சத்துல நடக்கத் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்தன்தான்."

"நான் எறங்கனா இவன யாருண்ணா புடிச்சிக்கிறது? கழுத்து நிக்கல. மேல போம்போது வாந்தி எடுத்தான்னா அடச்சிக்கும்."

எஞ்சின் சத்தத்தில் கத்திக் கத்தித்தான் பேசினோம். முன்னாலிருந்து கேப்டன் ஏதோ அதட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. பிடிவாதம் இல்லை. அந்தக் கையை எடுத்தால் அவன் போய்விடுவான் என்று நான் நினைத்தேன். இறங்கி நின்று அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

அண்ணன் மண்டியிட்டார். என் கைக்கு அடியில் தன் கையைச் செருகினார். சோம்ராவின் தலைப்பாரம் முழுவதையும் வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, "வந்தாச்சு" என்றார்.

ஐயம்பேட்டைச் சாலையில் அப்பா கேட்ட அதே சொல். நான் கையை எடுத்தேன். பலகை வழியாக இறங்கினேன். பலகை என் முகத்துக்கு எதிரே மேலேறி மூடிக்கொண்டது.

விமானம் மலைச் சுவர் வரை பின்னுக்குப் போய்த் திரும்பி நின்றது. எஞ்சின்கள் முழுச் சத்தம் போட்டும் அது நகரவில்லை. பிரேக்கில் நின்று உடம்பு முழுவதும் நடுங்கியது. பிறகு விட்டார்கள். தகடுகளின் துளைகள் வழியாகச் சேறு பீய்ச்சியடித்தது. பாதி தூரத்தில் இடது சக்கரம் அழுந்தி விமானம் ஒரு பக்கம் வாங்கியது. என் பக்கத்தில் நின்ற சிப்பாய் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு தகடு கொக்கி அறுந்து எகிறி விழுந்தது. ஆற்றுக் கற்கள் தெரிகிற இடத்தில் மூக்கு மேலே தூக்கியது, ஆனால் சக்கரங்கள் இன்னும் தரையில்தான் ஓடின. தரை முடிகிற இடத்தில் ஒரு கணம் விமானம் கரைக்குக் கீழே இறங்கி மறைந்தது. நான் சத்தம் போட்டிருக்க வேண்டும், தொண்டை எரிந்தது. பிறகு ஆற்றின் நடுவிலிருந்து அது மெல்ல மேலே வந்தது. உடனே மேகத்துக்குள் போய்விட்டது.

சத்தம் மட்டும் மலைக்கு மலை மோதித் திரும்பி வந்துகொண்டிருந்தது. அது போகிறதா, திரும்பி வருகிறதா, எந்தச் சுவரை நோக்கிப் போகிறது என்று தெரியவில்லை. ஹவில்தாரின் வயர்லெஸ்ஸில் கரகரப்புதான். மலைகளுக்கு நடுவில் அப்படித்தான் என்றார். அவரும் பெட்டியை விட்டு நகரவில்லை. இருட்டும்வரை அவர் காதை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இனி அண்ணனின் கடைசிக் காலத்தைச் சொல்ல வேண்டும். பணிக்காலம் முடிந்து அவர் காஞ்சிபுரம் வந்து சேர்ந்தார். ஒரு பட்டுக் கடையில் வெளியூருக்குச் சரக்குக் கட்டி அனுப்பும் வேலை பார்த்தார். புறப்பாட்டு நாட்களில் பெருமாளுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி, தோள் மாற்றுவதைக் கவனித்துக்கொண்டார். பழைய பழக்கம் அவரை விடவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினாலும், "ஏம்பா, நீ முன்னாடி வா. அந்தக் கூடைய நடுவுல வையிமா" என்று ஆட்களை மாற்றி உட்கார வைப்பார். ஐயம்பேட்டை ஆட்டோக்காரர் ஒருவர், "சார், இது பறக்காது சார், பயப்படாம ஏறுங்க" என்று கும்பிட்டதை நானே பார்த்தேன். "நீ ஓட்டற ஓட்டுக்கு இது பறந்துடும்பா. அதான் சொல்றேன்" என்றார் அண்ணன். ஆட்டோவில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பிறகு அவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும். முதுகைத் தாங்கி உட்கார வைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அண்ணி இரவு பகலாகத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையணை வைத்தால் அண்ணனுக்குச் சரிப்படவில்லை. நான் சேதி கேட்டு ஒசூரிலிருந்து வந்தபோது அண்ணியின் கை மரத்துப்போயிருந்தது. நான் அண்ணன் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்தேன். அண்ணி எழப் போனார். அண்ணன் கண்ணைத் திறந்து, அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பேச மூச்சு இல்லை. என்ன வேண்டும் என்று அண்ணிக்குப் புரியவில்லை.

நான், "வந்தாச்சுண்ணா" என்றேன்.

அப்புறம்தான் அண்ணியின் கையை விட்டார். அன்று மாலை, என் கையிலேயே அவர் மூச்சு அடங்கியது.

அண்ணனைத் தங்கள் தோளில் சுமந்து சென்ற கோயில் கூட்டத்தாருக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர்கள் முறை தவறாமல் சொல்லித் தோள் மாற்றினார்கள். அண்ணன் கேட்டிருந்தால் குறை சொல்லியிருக்கமாட்டார். ஆஸ்பத்திரி டாக்டர் அம்மாவுக்கும், நேரம் பாராமல் உதவிய செவிலியர்களுக்கும், வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த சந்துக்காரர்களுக்கும், கூப்பிடாமலே வந்து உறவினர்களை ஏற்றி இறக்கிய அந்த ஐயம்பேட்டை ஆட்டோக்காரருக்கும் எங்கள் நன்றி. எல்லோருக்கும் மேலாக, எதுவும் வாய்விட்டுச் சொல்லாத அண்ணிக்கு.

சோம்ராவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். சேதி கேட்டு ராஞ்சியிலிருந்து ரயில் ஏறி, தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். அன்று விமானத்துக்குள் நடந்ததில் பெரும்பாலும் அவனுக்கு நினைவில்லை. பிடரிக்கு அடியில் ஒரு கை இருந்தது மட்டும் தெரியுமாம். கீழே இறங்கியதும் ஆஸ்பத்திரி ஆள் அவனைத் தூக்க வந்தபோது, அண்ணன் கையை எடுக்காமல் அந்த ஆளிடம் ஏதோ ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அந்த ஆள் அசாமியன். கடைசியில் அதை அப்படியே சொன்ன பிறகுதான் அண்ணன் விட்டாராம். அது என்ன வார்த்தை என்று சோம்ரா இத்தனை வருடம் யாரிடமும் கேட்கவில்லை. எங்கள் வாசலில் நின்று அவன் அதைத் தன் உச்சரிப்பில் சொன்னபோது அண்ணிதான் முதலில் அழுதார்.

ஆனால் இவை எல்லாம் பின்னால் தெரிந்தவை. மேகத்துக்குள் விமானம் போன அன்று எனக்கு எதுவும் தெரியாது.

பொழுது விடிந்ததும் ஓடுதளத்துக்குப் போனேன். மழை விட்டிருந்தது. வயர்லெஸ் இன்னும் பேசவில்லை. ஆற்றங்கரை வழியாகக் கீழே இறங்கிவிடலாம், சுமைக்காரர்கள் கிளம்புகிறார்கள், சிப்பாய்களும் அவர்களோடு போகிறார்கள், நீயும் போய்விடு என்றார் ஹவில்தார். நான் இடது சக்கரம் அழுந்திய இடத்தைப் போய்ப் பார்த்தேன். தகடுகள் வளைந்து, அடியில் ஆள் உட்காரும் அளவுக்குப் பள்ளம் விழுந்து தண்ணீர் நின்றது. இதைச் சரிசெய்யாமல் எந்த விமானமும் இங்கே இறங்க முடியாது, ஆனால் ஆள் இல்லை என்றார் அவர். நான் இருக்கிறேன் என்றேன்.

ஒரு கூடையும் மண்ணை இடிக்கும் இரும்புக் கட்டையும் கொடுத்தார். தகடுகளின் கொக்கியைக் கழற்றி ஓரமாக வைத்தேன். தண்ணீரை இறைத்துக் கொட்டினேன். ஆற்றுக்குப் போய் முதல் கூடைக் கூழாங்கல்லைச் சுமந்து வந்து அந்தப் பள்ளத்தில் போட்டு, இடிக்க ஆரம்பித்தேன்.